கண்ணில் சந்தேகம் தெரிகிறது

நம்பிராஜனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். பெயரின் முதல் பாதிக்கும் அவருக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ராணுவத்தில் மேலதிகாரிகள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டு, ஜபல்பூரில் ஒரு கிடங்கின் வாசலில் அவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகிறவனைச் சந்தேகப்படுவார். வெளியே வருகிறவனையும் சந்தேகப்படுவார். உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நிற்கிறவனை ரொம்பவே சந்தேகப்படுவார். அவர் நின்ற காலம் முழுக்க அந்தக் கிடங்கிலிருந்து ஓர் ஆணிகூடத் திருட்டுப் போனதில்லை. தேவைக்குக்கூட ஓர் ஆணி வெளியே வந்ததில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு.

அவர் மனைவி இசக்கிச்செல்வி நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிட்டு அப்புறம்தான் விசாரிப்பாள். கன்டோன்மென்டில் அவள் நடத்திய பியூட்டி பார்லருக்கு மேஜர் வீட்டம்மாக்களே வரிசையில் நின்றார்கள். நம்பிராஜன் ஓய்வு பெற்றதும் இருவரும் சொந்த ஊரான இலஞ்சிக்கே வந்துவிடுவது என்று முடிவாயிற்று. பார்லருக்கு இலஞ்சியிலேயே ஒரு கடையும் பேசிவைத்தார்கள்.

ஊர் வந்து சேரும் முன்பே முதல் ஆர்டர் வந்துவிட்டது. பண்பொழி ஆவுடையம்மாள், மகள் வள்ளித்தாயின் கல்யாண வரவேற்புக்கு அலங்காரம் பண்ணச் சொல்லிப் போனில் பிடித்துவிட்டாள். ஆவுடையம்மாள் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவளுக்கு ஒன்று பிடித்துவிட்டால் பண்பொழியிலிருந்து வீரகேரளம்புதூர் வரைக்கும் தெரியும். பிடிக்காவிட்டால் அதைவிட வேகமாகத் தெரியும்.

"இந்த ஒரு பொண்ணு நல்லபடியா அமைஞ்சிட்டுன்னா ஆவணி பூரா நம்ம கடைதான்," என்றாள் இசக்கிச்செல்வி.

"அமையலைன்னா?"

"அமையலைன்னா கடையத் தொறக்கவே வேண்டாம். நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?"

ஆக, அவளுடைய பிழைப்பு முழுக்க மிகச் சில சாமான்களில் இருந்தது. பம்பை மிதித்தால் ஏறவும் இறங்கவும் சாயவும் செய்கிற மெரூன் நிற நாற்காலி. சுற்றிலும் பல்பு வைத்த ஆளுயரக் கண்ணாடி. மேக்கப் சாமான் அத்தனையும் அடைத்த கறுப்பு டிரங்குப் பெட்டி. அதன் மூடியில் நம்பிராஜனின் பெயரும் படைப்பிரிவும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும்.

இவற்றை இலஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்க்க 'சர்வசுகம் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்கிற கம்பெனியை இசக்கிச்செல்விதான் கண்டுபிடித்தாள். விளம்பரத்தில் ஒரு குடும்பமே லாரியைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"சாமான் ஏத்துதவனுக்கு இம்புட்டுச் சிரிப்பு எதுக்கு?" என்று கேட்டார் நம்பிராஜன். அவருக்கு அப்போதே பிடிக்கவில்லை.

சாமான் கட்டுகிற நாளன்று மஞ்சள் பனியன் போட்ட ஆட்கள் வந்தார்கள். ஒரு கரண்டியைக்கூடத் தொடவில்லை. முதலில் கணவன் மனைவி இருவரையும் லாரிக்கு முன்னால் நிற்கவைத்து, வலது கையை நெஞ்சில் வைக்கச் சொன்னார் சூப்பர்வைசர். நம்பிக்கை உறுதிமொழியாம். அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"என் சாமான்களை நான் முழுமனதுடன் பிரிகிறேன். அவை எங்கே இருக்கின்றன என்று அடிக்கடி கேட்டு அவற்றைச் சங்கடப்படுத்த மாட்டேன். கீறல் என்பது பயணத்தின் கையெழுத்து என்று உணர்கிறேன். உடைவது எதுவானாலும் அது ஏற்கெனவே உடையும் மனநிலையில்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்."

நாட்டுக்காக உயிரைக் கொடுக்கிறேன் என்று அந்தக் காலத்தில் நம்பிராஜன் எடுத்த உறுதிமொழியில்கூட இத்தனை நிபந்தனை இல்லை.

"என்னைக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டார்.

சூப்பர்வைசர் பதறிப்போய் அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். சாமான் முன்னால் தேதி பேசக்கூடாதாம். சாமான்கள் பதற்றமாகிவிடுமாம்.

வண்டி கிளம்பியதிலிருந்து தினமும் ஒரு செய்தி வந்தது. எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை, எப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னது. 'உங்கள் சாமான்கள் இன்று உற்சாகமாக உள்ளன.' மறுநாள், 'உங்கள் சாமான்கள் ஓய்வெடுக்கின்றன.' அதற்கும் மறுநாள், 'உங்கள் சாமான்கள் புதிய நண்பர்களைச் சந்தித்தன.' அதற்குள் ரயிலில் இலஞ்சி வந்து, வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த நம்பிராஜன் இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"புது நண்பருன்னா என்னட்டி அர்த்தம்?"

"வேற யாரு சாமானையோ அதே லாரியில ஏத்திருப்பாங்க. இதுக்குப் போயி எந்திரிக்கியளே."

"அது ஏற எடம் வேணும்லா? அப்பம் நம்மது எங்கன எறங்குச்சு?"

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், 'வாழ்த்துகள்! உங்கள் சாமான்கள் குத்தாலம் வந்தடைந்தன' என்று செய்தி வந்தது. வழி தெரியாமல் எவனாவது வண்டியைச் செங்கோட்டைப் பக்கம் திருப்பிவிடுவான் என்ற சந்தேகத்தில், நம்பிராஜன் எதிர்கொண்டு அழைக்கக் குற்றாலம் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டார். லாரியைக் காணவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம், சர்வசுகம். உங்கள் சுகமே எங்கள் சுமை. சொல்லுங்க சார்."

"லாரி குத்தாலம் வந்துட்டுன்னு மெசேஜ் வந்திருக்கும்மா. நான் குத்தாலம் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கேன். லாரியக் காணோமே?"

"டிரைவரும் குத்தாலம் பஸ் ஸ்டாண்ட்லதான் நிக்கறார் சார். உங்களைத்தான் காணோம்னு சொல்றார்."

நம்பிராஜன் சுற்றுமுற்றும் பார்த்தார். நேந்திரம் சிப்ஸ் கடை இருந்தது. ஜன்னலில் ஈரத்துண்டு தொங்கும் வேன்கள் இருந்தன. தலையிலிருந்து எண்ணெய் வழிய ஒருத்தர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு அருவி தெரியுதான்னு கேளும்மா."

கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள்.

"அருவி இல்லையாம் சார். ஒரு வாய்க்கால்தான் தெரியுதாம். சீசன் முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறார்."

"மலையாவது தெரியுதா?"

மறுபடியும் பாட்டு.

"மலையும் இல்லையாம் சார். மேகம் மறைச்சிருக்கும்ங்கறார்."

நம்பிராஜனுக்கு விளங்கிவிட்டது. மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. காவிரிக்கரை; கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடு என்பதே கிடையாது. எழுத்தில் அது குத்தாலம், இது குற்றாலம். ஆனால் தென்காசிப் பக்கம் பிறந்த எவன் வாயிலிருந்தும் அந்த றகரம் வெளியே வந்ததில்லை. அருவியில் குளிக்கிறவனும் குத்தாலத்தில்தான் குளிக்கிறான். பிள்ளை பிறந்தால் குத்தாலிங்கம் என்றுதான் பெயர் வைக்கிறான். ஜபல்பூரிலிருந்து புக் பண்ணும்போது, "இலஞ்சின்னா எந்தப் பக்கம் சார்?" என்று கேட்ட பெண்ணிடம் நம்பிராஜன் வாய் நிறைய, "குத்தாலம் பக்கம்" என்று சொல்லியிருந்தார். கம்பெனி அவர் வார்த்தையை எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டது. அவர்கள் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

"இது உச்சரிப்புப் பிழை சார். வாடிக்கையாளர் தரப்புப் பிழை," என்றாள் அந்தப் பெண். "பரவாயில்லை, திருத்திக்கலாம். ரெக்கார்ட் ஆகுது. இப்ப ஊர் பேரைச் சரியா சொல்லுங்க."

"குத்தாலம்."

"இல்ல சார். குற்... றாலம்."

"குத்..."

"நாக்கை மேல மடிங்க சார்."

நம்பிராஜன் பஸ் ஸ்டாண்ட் நடுவில் நின்று, நாக்கை மடித்து, தொண்டை நரம்பு புடைக்க, "குற்றாலம்! குற்றாலம்!" என்று கத்தினார். உடனே ஒரு வேன்காரர் ஓடிவந்து தோளில் கைபோட்டார்.

"வாங்க சார், வாங்க. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குத்தாலம் எல்லாத்தையும் ஒரே ரவுண்டுல பாத்துரலாம். சாருக்கு எந்த ஊரு, மெட்ராஸா?"

இலஞ்சியில் பிறந்த ஒருவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் வேன்காரரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் றகரத்தோடு பேசுகிறவன் வெளியூர்க்காரன்தான்.

உச்சரிப்பு திருத்தப்பட்ட பிறகு சாமான்கள் தென்காசிக் கிளைக்கு வந்து சேர்ந்ததாகச் செய்தி வந்தது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிளை இருந்தது. இருவரும் விழுந்தடித்துக்கொண்டு போனார்கள்.

உள்ளே நுழைந்ததும் நம்பிராஜனுக்கு இது ஆபீஸா, யாரோ ஒருவர் வீடா என்று சந்தேகம் வந்தது. சுவரில் கடிகாரம், அதற்குள் யாரோ ஒரு தம்பதி மாலையோடு நின்றுகொண்டிருந்தார்கள். மூலையில் ஃபிரிட்ஜ், அதன் கதவில் ஒரு குழந்தையின் வாய்ப்பாடு ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் வேறு வேறு திரைச்சீலை. நடுவில் பூச்சட்டி வைத்த குட்டை மேசை. உற்றுப் பார்த்தால் அது மேசை இல்லை, நம்பிராஜனின் டிரங்குப் பெட்டி. பெயர்மேல்தான் பூச்சட்டி இருந்தது. சுவரில் பல்பு எரியும் கண்ணாடி. அதன் முன்னால் மெரூன் நாற்காலியில், முக்கால்வாசி சாய்ந்தபடி, கிளை மேலாளர் கோமதிசங்கர் படுத்திருந்தார். அவர் முகம் நம்பிராஜனுக்கு என்னவோபோல் இருந்தது. தென்காசி வெயிலுக்கும் சாரலுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு பளபளப்பு.

"இது என் வீட்டுக்காரி நாற்காலி," என்றார் நம்பிராஜன்.

"தெரியும் சார். அதான் நானே பொறுப்பா உக்காந்திருக்கேன்," என்றார் கோமதிசங்கர் எழுந்திருக்காமல். "கீழ்மட்ட ஊழியர் ஒருத்தரையும் உக்கார விடலை. மத்த கம்பெனியில என்ன செய்வான்? கிடங்குல போட்டுப் பூட்டுவான். சாமான் தனிமையில வாடிப்போயிரும் சார். எங்களுக்குக் கிடங்கே கிடையாது. நாங்க சாமானை வாழ வைக்கோம். இந்தப் பம்பு இருக்குல்லா, சும்மா போட்டா இறுகிரும். காலையில எட்டு தடவை, சாயங்காலம் எட்டு தடவை நானே ஏறி இறங்குதேன். வீட்ல எம் பொண்டாட்டிக்குக்கூட இப்படிச் செஞ்சதில்லை."

ஓரத்து சோபாவில் ஒருத்தர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நம்பிராஜன் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் இங்கதான் வேலை பாக்கியளா?"

"இல்லண்ணாச்சி. எம் பேரு முகம்மது ரபீக். இது என் சோபா. சூரத்துலேர்ந்து வந்தது. தினம் காலையில வந்து செத்த நேரம் உக்காந்துட்டுப் போவேன். வீட்ல தரையில உக்காந்து உக்காந்து இடுப்பு போயிட்டு."

"கேட்டு வாங்கலையா பாய்?"

"கேட்டேன். கண்ணுல சந்தேகம் தெரியுதுன்னுட்டாங்க."

அது என்ன என்று கோமதிசங்கரே விளக்கினார். டெலிவரிக்கு முன்னால் வாடிக்கையாளர் ஒரு சந்தோஷ வீடியோ கொடுக்க வேண்டும். 'சர்வசுகத்தால் நான் சுகமடைந்தேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். தலைமை அலுவலகம் பார்த்துச் சம்மதித்தால்தான் சாமான் வாசலைத் தாண்டும்.

"சாமானைக் கண்ணுல காட்டுமுன்ன எப்படிவே சந்தோஷப்பட?"

"அதுதான் சார் சூட்சுமம். டெலிவரிக்கு அப்புறம் எடுத்தா, அந்தச் சந்தோஷம் சாமானால வந்ததா எங்களால வந்ததான்னு தெரியாம போயிரும். ஆரம்பத்துல அப்படித்தான் எடுத்தோம். ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்காங்க."

நம்பிராஜன் கேமரா முன்னால் நின்றார். சிரிப்பதாக நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார். கிடங்கு வாசலில் திருட்டு லாரியை நிறுத்தும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும். அன்று சாயங்காலமே பதில் வந்தது: 'நிராகரிக்கப்பட்டது. கண்ணில் சந்தேகம் தெரிகிறது.'

மறுநாள் கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்தார். 'நிராகரிக்கப்பட்டது. கண்ணே தெரியவில்லை. இது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது.'

கடைசியில் இசக்கிச்செல்வியே முன்னால் நின்றாள். அழகாகச் சிரித்தாள், தடங்கலில்லாமல் சொன்னாள். அதுவும் திரும்பி வந்தது. அவளுக்குப் பின்னால் கதவோரம் நம்பிராஜன் நின்றுகொண்டிருந்தார். 'பின்னணியில் சந்தேகம் தெரிகிறது.'

"உங்களை யாரு அங்கன நிக்கச் சொன்னா?" என்று இசக்கிச்செல்வி கண் கலங்கிவிட்டாள். "அந்த அக்கா தினம் போன் போட்டு, கடை எங்கன, எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கா. நான் என்ன சொல்லட்டும்? நாற்காலில மேனேஜர் படுத்திருக்காருன்னா?"

நம்பிராஜன் கோமதிசங்கரைப் பிடித்துக்கொண்டார். நேரே போய்ப் புகார் கொடுக்கிறேன் என்று நின்றார். கோமதிசங்கர் மகிழ்ச்சியோடு வழிகாட்டினார். கம்பெனியின் குறைதீர் அலுவலர் முத்துக்குமாரசாமி. இருப்பிடம், மெயின் அருவி. துண்டும் எண்ணெயும் கொண்டுபோக வேண்டும்.

"அருவியிலயா ஆபீஸு?"

"சீசன்ல மட்டும் சார். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டாங்கன்னா அன்னைக்குக் குறைக்கும் தடை. வெரசாப் போங்க, இன்னைக்குத் தண்ணி அளவாத்தான் விழுது."

முத்துக்குமாரசாமி தலையில் எண்ணெய் அப்பி, இடுப்பில் துண்டோடு, அருவிக்கரையில் நின்றுகொண்டிருந்தார். தொந்தியில்கூட ஒரு அதிகாரம் தெரிந்தது.

"வாங்க. குறையைக் கரையில நின்னு சொல்லப்படாது. சொல்லுதவருக்கும் சூடு, கேக்கவருக்கும் சூடு. தலையில தண்ணி விழும்போது சொல்லணும். அதுதான் எங்க முறை. இதுவரைக்கும் ஒரு குறைகூட நிலுவையில கெடையாது."

நம்பிராஜனைக் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் தலையில் அம்மிக்கல் மாதிரி விழுந்தது. நம்பிராஜன் வாயைத் திறந்து, நாற்காலி என்றார், பெட்டி என்றார், பொம்பளை பிழைப்பு போகுது என்றார். வாய்க்குள் போன தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பக்கத்தில் அலுவலர் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் குளித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது நம்பிராஜனின் சந்தேகம். கரைக்கு வந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"இப்பம் எப்படி இருக்கு?"

நம்பிராஜன் யோசித்தார். உடம்பு வலியெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"லேசாத்தான் இருக்கு."

முத்துக்குமாரசாமி உடனே பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்தார். "ஆமா, இலஞ்சி கேஸ்தான். தீர்ந்துட்டு. வாடிக்கையாளரே லேசா இருக்குன்னு வாயால சொல்லிட்டாரு."

வரவேற்பு நாள் வந்துவிட்டது. காலையில் ஆவுடையம்மாள் போன் பண்ணினாள்.

"ஏட்டி செல்வி, மத்தியானம் சாப்பிட்டதும் பிள்ளையக் கூட்டிட்டு வாரேன். எங்கன வரணும்? இலஞ்சிக்கா?"

இசக்கிச்செல்வி போனும் கையுமாக, வெறும் தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் இதுவரை பார்க்காத எதையோ பார்த்து நம்பிராஜன் திடுக்கிட்டார். கண்ணாடியில் தினமும் தன் முகத்தில் பார்க்கிற அதே பார்வை.

"இலஞ்சிக்கு வேண்டாம்க்கா. தென்காசிக்கே வந்திருங்க. ஸ்டேஷன் பக்கம், சர்வசுகம்னு பெரிய போர்டு போட்டிருக்கும்."

"போர்டெல்லாம் போட்டாச்சா? பரவாயில்லையே! பேரும் நல்லாத்தான் இருக்கு."

போனை வைத்ததும் நம்பிராஜன், "ஏட்டி, உனக்குக் கோட்டி புடிச்சிட்டா?" என்றார். அவள் பதில் சொல்லாமல் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கிளையில் கோமதிசங்கர் வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்திருந்தார். ரபீக் சோபாவில் இருந்தார். இசக்கிச்செல்வி உள்ளே போய், டிரங்குப் பெட்டியின் மேலிருந்த பூச்சட்டியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"சாமானைக் குடுத்தாத்தான் எந்திரிப்பேன்."

கோமதிசங்கர் இதையெல்லாம் நிறையப் பார்த்தவர். கம்ப்யூட்டரை எட்டிப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"மேடம், சாமான் எங்கன இருக்கு? இங்கன. நீங்க எங்கன இருக்கிய? இங்கன. எங்க விதிப்படி, சாமானும் வாடிக்கையாளரும் ஒரே கூரைக்குக் கீழ சேந்தாச்சுன்னா அதுக்குப் பேரு டெலிவரி. சாமான் வாடிக்கையாளர்கிட்ட வரணும்னு எங்கயும் சொல்லலை. வாடிக்கையாளர் சாமான்கிட்ட வந்தாலும் சந்திப்பு சந்திப்புதான். இந்தா, உங்களுதை முடிச்சிட்டேன். இந்த மாசம் எங்க கிளையில முழு டெலிவரி ஆனது உங்களுதுதான், வாழ்த்துகள்."

"முடிச்சிட்டியளா?"

"முடிச்சிட்டேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. டெலிவரி ஆயிட்டுதானே? பின்னால மாத்திப் பேசப்படாது."

"ஆயிட்டு மேடம். ஆனா வாசலைத் தாண்டி எடுத்துட்டுப் போறது வேற சேவை. அதுக்குப் புது புக்கிங், புது வீடியோ."

"வாசலைத் தாண்டி யாரு எடுக்கா?" இசக்கிச்செல்வி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "எந்திரிங்க."

"எதுக்கு?"

"டெலிவரி ஆன நாற்காலில நீங்க எதுக்குப் படுத்திருக்கிய?"

கோமதிசங்கர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். விதி அவருடையது. அவரே இப்போதுதான் பதிவும் செய்திருந்தார். நாற்காலியின் பம்பை இசக்கிச்செல்வி ஒரு மிதி மிதித்தாள். அவர் தானாக எழுந்து நின்றுவிட்டார்.

பெட்டியைத் திறந்தபோதுதான் அவர் முகத்துப் பளபளப்புக்குக் காரணம் தெரிந்தது. வெளிநாட்டுக் கிரீம் பாதிக்கு மேல் காலி. "காய்ஞ்சு போயிரக் கூடாதேன்னு..." என்று ஆரம்பித்தவர், நம்பிராஜன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. குடையும் பூக்கூடையும் நகைப்பெட்டியுமாக ஆவுடையம்மாளும், அவள் பின்னால் வள்ளித்தாயும், அவர்கள் பின்னால் ஒரு வேன் சொந்தக்காரப் பெண்களும் இறங்கினார்கள். ஆவுடையம்மாள் உள்ளே நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்னட்டி செல்வி, ஃபிரிட்ஜெல்லாம் வச்சிருக்க! டவுன்ல இருந்தவ டவுன்ல இருந்தவதான். ஆமா, இந்த ஆம்பளையாளுவ யாரு?"

"போறாங்கக்கா," என்றாள் இசக்கிச்செல்வி.

நம்பிராஜன் வெளியே போய் வாசலை மறித்து நின்றார். கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டி, கிடங்கில் நின்ற அதே நிற்பு. கோமதிசங்கரும் வெளியே வந்திருந்தார், ஆனால் திரும்ப உள்ளே போக முயன்றார்.

"உள்ள பொண்ணு அலங்காரம் நடக்கு. ஆம்பளைக்கு அனுமதி இல்ல."

"இது என் ஆபீஸ் சார்!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவான்."

கடைசியாக ரபீக் வெளியே வந்தார். தனியாக வரவில்லை. வேன் டிரைவரை மறுமுனையில் பிடிக்கவைத்து, சோபாவோடு வந்தார். "எனக்கும் டெலிவரி ஆயிட்டு அண்ணாச்சி. நானும் அதுவும் ஒரே கூரைக்குக் கீழதானே இருந்தோம்?" என்றார். ஒரு பொருள் வாசலைத் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்தும் நம்பிராஜன் ஒரு கேள்வியும் கேட்காமல் வழிவிட்டது வாழ்க்கையில் அதுவே முதல்முறை.

கோமதிசங்கர் கட்டடக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, உங்க கட்டடத்துக்குள்ள அந்நிய ஆட்கள் புகுந்துட்டாங்க! நீங்க உடனே வந்து..."

மறுமுனையில் மேளச்சத்தம் கேட்டது. "யாரு, கோமதியா? என்னல சொல்லுத, ஒண்ணும் கேக்கலை! நான் மண்டபத்துல நிக்கேன். எங்க வீட்டுக்கு வாற மருமவளுக்கு நம்ம கட்டடத்துலதான் அலங்காரமாம், சம்பந்தியம்மா இப்பதான் சொன்னா. பிள்ளை ரெடியாயிட்டாளான்னு பாத்துச் சொல்லு. கரண்டு போச்சுன்னா ஜெனரேட்டரைப் போடு, என்னா?"

கோமதிசங்கர் போனைப் பார்த்தார். பிறகு ஜெனரேட்டரைப் பார்த்தார்.

உள்ளே வள்ளித்தாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆவுடையம்மாள் பின்னாலேயே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கிரீம் பற்றாக்குறையில் எங்கே தொட்டு எங்கே விடுவது என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, இசக்கிச்செல்வி வள்ளித்தாயின் முகவாயைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அதற்கப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. புருவம், கண், கன்னம், ஜடை, பூ என்று வேலை நகர்ந்தது. சொந்தக்காரப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். கடைசியில் இசக்கிச்செல்வி பம்பை மிதித்து நாற்காலியை உயர்த்த, கண்ணாடிக்குள் வள்ளித்தாய் மெல்ல மேலே வந்தாள்.

ஆவுடையம்மாள் கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"ஏட்டி, இது எம் பிள்ளைதானா?"

அன்று ராத்திரிக்குள் பண்பொழிக்கும், விடிவதற்குள் வீரகேரளம்புதூருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து சர்வசுகம் வாசலில் பெண்கள் செருப்பு குவிந்தது. போர்டை யாரும் மாற்றவில்லை. பார்லருக்கு அந்தப் பெயரே பொருத்தமாக இருந்தது. கட்டடக்காரர் வாடகைப் பத்திரத்தை இசக்கிச்செல்வி பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் தென்காசிக் கிளை மேல் பரம திருப்தி. புகாரோடு வருகிற ஆண்கள் யாரையும் வாசலில் நம்பிராஜன் உள்ளே விடாததால், அந்த மாதம் தென்காசியிலிருந்து ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை.

கோமதிசங்கருக்குத்தான் உட்கார இடமில்லை. ஒரு வாரம் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே ஓர் அறை பிடித்தார். அந்த ஆபீஸில் அவருக்கென்று சொந்தமாக இருந்த ஒரே சாமான் ஒரு தேக்கு மேசை. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. ஸ்டாண்டுக்குப் போய் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மேசையின் கால் நிலைப்படியில் இடிக்காமல் பைய, பைய என்று அவரே முன்னால் குனிந்து தூக்கினார்.

இசக்கிச்செல்வி ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தவள், நூலைப் பல்லில் கடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குப் போயி எதுக்கு வெளிவண்டி? உங்க கம்பெனி லாரியே பின்னால சும்மாதானே நிக்கி?"

கோமதிசங்கர் மேசையை வண்டியில் ஏற்றி, அதன் மேல் ஒரு போர்வையை விரித்து, கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இல்ல மேடம். இந்த மேசை எனக்கு வேணும்."